ரசீதும் ஈகையும்: கெடாவில் ஜகாத் வந்த வழி



சென்ற நோன்பு மாதம் நம் சங்கத்தின் கல்வி நிதிக்காகக் கோலா கெடாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். பெரியவர் ஒருவர் பணத்தை எண்ணிக்கொண்டே, "தம்பி, இந்த ரசீது வருமான வரியில் கழியுமா?" என்று கேட்டார். "கழியாது மாமா" என்றேன். எண்ணியதில் பாதியைக் கல்லாவில் திரும்பப் போட்டுவிட்டு மீதியைத் தந்தார். அவர்மேல் குறை இல்லை. நானும் வியாபாரிதான். ஆனால் இந்தக் கேள்வி நமக்கு எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

முன்பு கெடாவின் நெல் விவசாயிகள் தங்கள் ஜகாத்தைத் தாங்களே கொடுத்தார்கள். ஊர் இமாம், மார்க்க ஆசிரியர், அறுவடைக்கு வந்த ஏழைகள் எனக் கை அறிந்த இடத்துக்கே அது போனது. 1955-இல் மாநிலம் ஜகாத் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் ஆமில்கள் நெல்லை வசூலித்து, பணம் அலோர்ஸ்டாருக்குப் போனது. 1978 முதல் 1980 வரை முடா சமவெளிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் ஒன்றைக் கவனித்தார். போன பணம் ஊர் ஏழைக்குத் திரும்பவில்லை என்ற மனக்குறையால் பலர் விளைச்சலைக் குறைத்துச் சொன்னார்கள். ஆனால் அறுவடைக் கூலியாட்களுக்கும் இமாமுக்கும் 'ஜகாத் பெரிபாடி' கொடுப்பதை விடவில்லை. சட்டம் வந்தபோதும் கை அறிந்த ஈகை நின்றுபோகவில்லை.

நம்மைப் போன்ற வியாபாரிகளை மாற்றியது வேறு சட்டம். அது 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதன்படி தனிநபர் ஒருவர் மாநில ஜகாத் அமைப்பில் 2,000 வெள்ளி ஜகாத் கட்டினால், அவர் செலுத்த வேண்டிய வரியிலேயே 2,000 வெள்ளி குறையும். வரியைவிட ஜகாத் கூடினால், மிச்சம் திரும்பக் கிடைக்காது. அதே 2,000 வெள்ளியை அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு நன்கொடையாகத் தந்தால், வருமானத்தில் மட்டுமே கழியும். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 220 வெள்ளி. தனிநபருக்கு இந்தக் கழிவின் உச்சவரம்பு வருமானத்தில் 7 விழுக்காடாக இருந்து, 2020 மதிப்பீட்டு ஆண்டில் 10 விழுக்காடானது. அங்கீகாரம் இல்லாத சங்கத்துக்குத் தந்தாலும், தமிழகத்துச் சொந்த ஊர் மதரஸாவுக்கு அனுப்பினாலும் எதுவும் கழியாது.

ஆகவே பணம் ரசீது இருக்கும் பக்கம் சாய்வது இயல்பு. அதில் நன்மையும் உண்டு. கணக்கு இருக்கிறது, நம் மாநிலத்தில் 2015 சட்டத்தின்படி லெம்பாகா ஜகாத் அமைந்து முறையாக வசூலிக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டணத்துக்குத் திணறும் நம் தெருப் பிள்ளையை முதலில் அறிவது பக்கத்து வீடும் சங்கமும்தான்.

என் அத்தா நோன்பு மாதத்தில் ஒரு சிறு நோட்டில் விதவைகள், அநாதைகள் பெயரை எழுதி, கடை அடைத்த பின் நடந்தே போய்க் கொடுத்து வருவார். அதற்கு ரசீது கிடையாது.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. ஜகாத்தை முறையாகக் கட்டி வரிச்சலுகையைப் பெறுங்கள். அதனால் மிச்சமான தொகையில் ஒரு பங்கை ஸதகாவாகச் சங்கத்துக்குத் தாருங்கள். சங்கமும் தணிக்கை செய்த கணக்குடன் வருமான வரி வாரியத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அடுத்த நோன்பில் அந்த மாமாவிடம் "கழியும்" என்று சொல்ல ஆசை. அதுவரை அத்தாவின் நோட்டு நம்மிடம் இருக்கட்டும்.

நம் பொன்விழாவை அல்லாஹ் பரக்கத்தாக்கி வைப்பானாக, ஆமீன்.