நாட்கணக்கும் அதன் தொடக்கமும்

ஒரு நாளைக் குறிப்பது வேறு; அந்நாள் எக்கணக்கினால் அளக்கப்பட்டது என்பதைக் குறிப்பது வேறு. முன்னதை எல்லோரும் செய்வர்; பின்னதை விட்டுவிடுவோரே பலர். அவ்வாறு விடப்பட்ட திகதி பிற்காலத்தவரை எங்ஙனம் அலைக்கழிக்கும் என்பதைக் கல்வெட்டு முதற் கணினி ஈறாக ஒருவாறு நோக்குவாம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு முதலாம் இராசராசன் செப்புக்குடம் அளித்த நாளை, அவனது 25 ஆம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாள் என்று அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. அரசன் ஆட்சியேற்ற நாளே இங்குத் தொடக்கம். எஞ்சியது வெறும் எண்ணிக்கை. அத்தொடக்கம் கி.பி. 985 இன் நடுப்பகுதியில் அமைந்ததென, பிற கல்வெட்டுகளிலுள்ள நட்சத்திர, கிழமைக் குறிப்புகளைக் கொண்டு அறிஞர் துணிந்த பின்னரே 1010 என்னும் ஆண்டு நமக்குக் கிடைத்தது. அறுபது ஆண்டுச் சுற்று இதனினும் இடர்மிக்கது. பழைய உறுதியொன்றில் 'ஜய வருடம்' என்று மட்டும் இருப்பின், அது 1894 இல் தொடங்கியதோ 1954 இல் தொடங்கியதோ என்பதைத் தாளையும் மையையும் பார்த்தே ஊகித்தல் வேண்டும்.

கணினி செய்வதும் அச்சோழநாட்டு எழுத்தர் செய்ததே. 1970 ஜனவரி 1 ஆம் நாள் அனைத்துலக நேரப்படி நள்ளிரவைத் தொடக்கமாகக் கொண்டு வினாடிகளை எண்ணுவது யுனிக்ஸ் முறை. அதற்கு முற்பட்ட நாட்கள் எதிர் எண்களாகும். இணையப் படிவத்தில் நாம் இடும் திகதி, செயலியினுள் பெரும்பாலும் இத்தகைய எண்ணாக மாறிப் பின்னரே தரவுத்தளத்தைச் சேர்கின்றது. பிழை நுழைவதும் அவ்வழியிலேயே. (ஜாவாஸ்கிரிப்ட் மொழி மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணும், ஜனவரி 0, டிசம்பர் 11. இதனை வகுத்தோர் பஞ்சாங்கம் எங்ஙனம் பார்ப்பரோ!)

ஒரு திகதியின் பெறுமதியை மலையகத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1 இற்கு முன் பத்தாண்டுகள், மணமானோராயின் ஏழாண்டுகள், இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30 இல் நிகழ்ந்தது. அந்நாள் முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.

அவ்வொப்பந்த நாளிலேயே நோர்வூட்டில் ஒரு குழந்தை பிறந்தது எனக் கொள்வோம். எழுத்தர் 1964 ஒக்டோபர் 30 எனப் பதிகின்றார். செயலி அதனை அந்நாளின் தொடக்கமாகிய நள்ளிரவு எனக் கொள்கின்றது. நம் நேரம் அனைத்துலக நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டதாதலின், மாற்றியவிடத்து அது ஒக்டோபர் 29, மாலை 6.30 ஆகின்றது. தரவுத்தளம் மணியை நீக்கி நாளை மட்டும் வைத்துக்கொள்கின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 30, திரையில் 29. இரண்டும் பொருந்தாமையால் திரும்பிவரும் விண்ணப்பத்தைச் சுமந்து கந்தோர் கந்தோராக அலைபவர், தேயிலை மலையில் ஒரு நாட் சம்பளத்தை இழந்து வந்தவர்.

ஐந்தரை மணி என்பதும் என்றும் நிலைத்ததன்று. இலங்கைக் கடிகாரம் 1942 இல் இருமுறை முன்னகர்த்தப்பட்டு 1945 இல் மீண்டது. மின் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் ஆறரை மணியாகி, அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகி, 2006 ஏப்ரலிலேயே பழைய நிலையை அடைந்தது. 2000 ஜனவரி 1 இல் பிறந்தவரின் நள்ளிரவை அனைத்துலக நேரமாகச் செவ்வனே பதிந்து, இன்றைய ஐந்தரை மணியால் மீள வாசித்தால் 1999 டிசம்பர் 31, இரவு 11.30 என வரும். நாள் மட்டுமன்றி ஆண்டும் மாறிவிடுகின்றது.

பிறந்தநாள் ஒரு கணமன்று. நாட்காட்டியில் ஒரு கட்டம். அதனை மணியின்றி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், தரவுத்தளத்தின் திகதி வகையிலேயே வைத்தல் தகும். 1988 இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 நியமமும் அவ்வரிசையையே கொண்டது. பணம் செலுத்திய வேளை போன்ற கணங்களுக்கே அனைத்துலக நேரம் உரியது. அவற்றை மீளக் காட்டுங்கால் ஐந்தரை என்னும் எண்ணைக் கொள்ளாது, 'ஆசியா/கொழும்பு' என்னும் வலயப் பெயரைக் கொள்ளல் வேண்டும். மேற்கூறிய மாற்றங்கள் யாவும் அப்பெயரின்கீழ்ப் பதிவாகியுள்ளன.

செயலி எழுதப் பழகும் என் மாணவரிடம் 2000 ஜனவரி 1 ஐ முதலிற் சேமித்து, மீள எடுத்துப் பார்க்குமாறு கூறுவது என் வழக்கம்.