கடற்பஞ்சு: ஓர் உயிரா, ஒரு கூட்டமா?

இன்னைக்கு ஒரு பழைய தகராறைப் பற்றிப் பேசப் போறேன். நிலத்துக்காகவோ சிம்மாசனத்துக்காகவோ நடந்ததில்லை. கடலடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கடற்பஞ்சு என்ன வகை உயிர் என்பதற்காக நடந்தது. கேட்கச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி பெரிது: தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த ஒற்றைச் செல்கள் எப்படி ஒன்றுசேர்ந்து ஒரு விலங்காக மாறின? அந்த விலங்குகளில் நாமும் அடக்கம்.

கடற்பஞ்சுக்கு வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை, தசையும் இல்லை. அப்ப அதை விலங்குன்னு எப்படிச் சொல்றது? பிடுங்க வரும்போது அது சுருங்கிக்கொள்கிறது என்ற பேச்சை அரிஸ்டாட்டில் காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார். லின்னேயஸ் முதலில் அதைப் பாசிகளோடு தாவரப் பட்டியலில் வைத்தார், பிறகு விலங்குகள் பக்கம் மாற்றினார். 1765இல் ஜான் எல்லிஸ், உயிருள்ள பஞ்சின் துளைகள் வழியாக நீரோட்டம் இருக்கிறது என்று எழுதினார். அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

1825ஆம் ஆண்டு வாக்கில் எடின்பரோ மருத்துவர் ராபர்ட் கிராண்ட் இதைக் கையில் எடுத்தார். ஃபோர்த் கழிமுகக் கரையில் கிடைத்த பஞ்சைக் கடல்நீரோடு ஒரு குழிந்த கண்ணாடித் தட்டில் வைத்து, நுண்ணோக்கி வழியாகப் பொறுமையாகப் பார்த்தார். பெரிய துளையிலிருந்து நீர் ஊற்றுப் போலப் பீறிட்டு வெளியே வருவது தெரிந்தது. சின்னத் துளைகள் வழியே உள்ளே போகும் நீர், பெரிய துளை வழியே கழிவோடு வெளியேறுகிறது என்று காட்டினார். துளையுடலிகள் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பெயருக்கு மூலமான ‘போரிஃபெரா’ என்ற சொல்லைத் தந்தவரும் இவரே. மருத்துவம் படிக்க வந்து அதில் மனம் ஒட்டாமல், கிராண்டோடு கடற்கரையில் உயிரினம் சேகரித்துத் திரிந்த மாணவர் ஒருவர் உண்டு. அவர்தான் சார்லஸ் டார்வின்.

சரி, நீரை உள்ளே இழுப்பது எது? வளர்ந்த பஞ்சுக்குள் அந்த எந்திரத்தை கிராண்டால் பார்க்க முடியவில்லை. இங்கேதான் என் கதாநாயகன் வருகிறார்: அமெரிக்கர் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க்.

ஹார்வர்டில் லூயி அகாசிஸிடம் படித்து, அவரிடமே வேலை பார்த்தவர். அகாசிஸின் நூலில் தன் உழைப்பும் இருக்கிறது, அதற்குரிய பெயர் தனக்குத் தரப்படவில்லை என்று 1863இல் துண்டுநூல் போட்டே வெளிப்படையாகச் சண்டைக்கு நின்றார். அன்றைய அமெரிக்க விலங்கியலில் அகாசிஸ் எவ்வளவு பெரிய ஆள் என்று யோசித்துப் பாருங்க. கிளார்க் ஹார்வர்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அந்தக் காலகட்டத்தில்தான், 1866-67இல், அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நீரில் வாழும் சில ஒற்றைச் செல் உயிரிகளுக்கு ஒரு கசையிழை இருக்கும், அதைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி ஒரு பட்டை. கசையிழை அடிக்க அடிக்க நீர் இழுபடும், நீரில் வரும் பாக்டீரியாக்கள் காலரில் சிக்கும், செல் அவற்றை விழுங்கும். பஞ்சின் உள்ளறைகளைப் பார்த்தால், சுவரெல்லாம் அச்சு அசலாக இதே காலர் செல்கள்! கிராண்ட் தேடிய எந்திரம் இதுதான்.

இதிலிருந்து கிளார்க் ஒரே தாவாகத் தாவினார்: பஞ்சு என்பது தனி விலங்கே அல்ல, கசையிழை உயிரிகளின் காலனி என்றார். ஜெர்மனியில் ஹெக்கல் இதை ஏற்கவில்லை. சுண்ணாம்புப் பஞ்சுகள் பற்றி 1872இல் அவர் எழுதிய பெரிய நூலில், பஞ்சு ஒரு முழு விலங்கு என்றே நின்றார். மறுவருஷமே, ஐம்பது வயதுகூட ஆகாமல், கிளார்க் இறந்துபோனார். அவர் பக்கம் வாதாட இங்கிலாந்தில் சாவில்-கென்ட் கிளம்பினார்.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி? 1907இல் அமெரிக்காவில் எச். வி. வில்சன் ஒரு சோதனை செய்தார். உயிருள்ள பஞ்சை மெல்லிய சல்லடைத் துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாக உதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாட்கள் போகப் போக மறுபடியும் பஞ்சாக வளர்ந்தன. கூட்டம் போலக் கலைகிறது, ஓர் உடல் போலத் திரும்பச் சேர்கிறது. இரண்டு தரப்புக்குமே இதில் பங்கு இருந்தது.

2008இல் நிக்கோல் கிங்கும் கூட்டாளிகளும் ஒரு காலர் உயிரியின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். விலங்குகளில் செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் கேட்ஹெரின் வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள், தனியாக வாழும் இந்தச் செல்லிலேயே இருந்தன. விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒற்றைச் செல் சொந்தம் இவைதான் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு.

அதோடு கதை முடியவில்லை. இரண்டு காலர் செல்களும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், அவற்றுள் வேலை செய்யும் மரபணுக்கள் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை பஞ்சு அல்ல, சீப்பு ஜெல்லிதான் என்று 2023இல் இன்னொன்று வந்தது. வாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

என் கணக்கு இதுதான். கிளார்க்கின் முடிவு முழுக்கச் சரியில்லை. பஞ்சு ஒரு விலங்குதான். ஆனால் அவர் கண்ட ஒற்றுமையில் ஓர் உறவு இருந்தது. முடிவு பிடிக்காததால் கவனிப்பையும் சேர்த்துத் தள்ளியிருந்தால், விலங்குகளின் நெருங்கிய சொந்தத்தைத் தேட எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் போயிருக்கும். ஒருவர் பார்த்ததையும், அதிலிருந்து அவர் சொன்னதையும் தனித்தனியா எடைபோடணும். அறிவியல் வரலாறு படிக்கும்போது நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வது இது.