பாரி நாயனம் பிறந்த கதை

குள்ளஞ்சாவடியிலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ கல்யாணத்துக்கு வரும் நாயனக்காரர் கையில் இன்று இருப்பது பெரும்பாலும் பாரி. நீளக் குழல், இறக்கமான சுருதி. ராஜராஜன் காலத்திலிருந்தே இதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இன்றைய வடிவத்துக்கு வயது எழுபது சொச்சம்.

அதற்குமுன் கொடிகட்டிப் பறந்தது திமிரி. குட்டை, நாலு தெரு தாண்டிக் கேட்கும் உச்ச சுருதி. அதில் ஒரு வில்லங்கம். ‘ம’ சுரத்துக்கான மத்தியமத் துளையில் உயர்ந்த பிரதி மத்தியமம் தானாகப் பேசும், தாழ்ந்த சுத்த மத்தியமம் பேசாது. துளையை அரைகுறையாக மூடி, மூச்சைத் தளர்த்தி, ஊதும் நாக்கான சீவாளியில் உதட்டை இளக்கித்தான் சுரத்தை இறக்க வேண்டும். பிரதி மத்தியம ராகமான கல்யாணிக்குக் கவலையில்லை. சுத்த மத்தியமம் கொண்ட தோடிக்கும் சங்கராபரணத்துக்கும் விரலோடு மல்லுக்கட்டுதான்.

சுரம் தானாகச் சரியாக அமையாத இந்தத் தொல்லை ஊதுகிற வாத்தியங்கள் பலவற்றுக்கும் உண்டு. 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற பித்தளை வாத்தியமான ட்யூபாவையே பாருங்கள். 18 அடிக் குழாய் கொண்ட ட்யூபாவில் முதல் வால்வை அமுக்கினால் குழாய் நீளம் சுமார் 26 அங்குலம் கூடி, சுரம் இரண்டு அரைச்சுரம் இறங்கும். மூன்றாவது வால்வு 41 அங்குலம் கூட்டி மூன்று அரைச்சுரம் இறக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 67 அங்குலம். ஐந்து அரைச்சுரம் இறங்கத் தேவையோ 72. ஐந்து அங்குலம் துண்டு விழ, சுரம் ஏறிப் பேசும். வாசிப்பவர் வால்வின் இழுப்புக் குழாயை வெளியே இழுத்து ஈடுகட்டுவார். இல்லையென்றால் அந்த இரண்டையும் விட்டு நான்காவது வால்வை அமுக்குவார். 1874இல் லண்டன் பூசி வாத்தியக் கம்பெனியின் பிளெய்க்லி, குறையும் நீளத்தைக் காற்று தானே சுற்றி வரும்படி வால்வோடு சேர்த்தே அமைத்துவிட்டார்.

நாயனம் மரம். இழுக்க அதில் ஒன்றுமில்லை. ஏழு விரல் துளைகளுக்குக் கீழே உள்ளவற்றை மெழுகால் அடைத்து ஆதார சுருதியைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். மத்தியமத்தை மட்டும் இறக்க மெழுகு உதவாது. குழலின் நீளமும் துளையின் இடமுமே மாற வேண்டும். அது கச்சேரி மேடையில் ஆகிற காரியமல்ல, கடைச்சல் பட்டறையில் ஆக வேண்டியது.

ஆன இடம் நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். கேட்டவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை, செய்தவர் ரங்கநாதன் ஆச்சாரி. 1955இல் சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசும் பாரி கைக்கு வந்தது. இதில் எனக்கு வியப்பு ஒன்றுதான். ராஜரத்தினத்தின் தோடி அதற்கு வெகு முன்பே ஊரறிந்தது. தோடிக்கு உரியதோ சுத்த மத்தியமம். குழல் தராததை உதடும் விரலும் தந்திருக்கின்றன. அப்படிப்பட்டவருக்கே குழல் போதவில்லை என்றால், மற்றவர்கள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமா?

துளையின் கணக்கு நிலைக்க மரமும் ஒத்துழைக்க வேண்டும். ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் கிடந்து ஈரம் வற்றியதைத்தான் ஆசாரிகள் தேடுவார்கள். பச்சை மரத்தில் கடைந்தது நாளடைவில் நெளிந்து, சுரங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

1956 டிசம்பரில் ராஜரத்தினம் மறைந்தார். புதுக் குழலோடு அவருக்கு இரண்டு வருஷம்கூட வாய்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பாரிக்கே மாற, திமிரி ஒதுங்கியது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பேர் வந்தாயிற்று. ஆச்சாரியின் பேரை நாயனக்காரர் வீடுகளுக்கு வெளியே சொல்பவர்கள் குறைவு.