கொலாபா முதல் அவனியாபுரம் வரை: மின் இரைச்சலின் கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "விடுதிச் சாப்பாடு, ஆய்வுக்கூட அனுபவம் என்று ஏதாவது பழைய கதை எழுதுங்களேன்" என்றார்கள். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் உண்டு. நான் சொல்லப்போவது அதைவிடப் பழைய கதை. பம்பாய்க் கடற்கரையில் தொடங்கி, அவனியாபுரத்தில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் வந்து நிற்கும் கதை. மின் இரைச்சல் என்று பாடத்தில் படித்தோமே, அதன் வரலாறு. மின்துறை படிக்காத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

இரைச்சல் என்றதும் சத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கம்பியில் நாம் அனுப்பாத மின்சாரம் வந்து புகுந்துகொண்டால் அதற்குப் பெயர் இரைச்சல். ரேடியோ காலத்தில் அது காதிலேயே கேட்டது. திருச்சி வானொலியில் நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் கரகரவென்று வருமே, என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. இந்தத் தொல்லையைக் கட்டுப்படுத்த வழி காண்பதற்காகவே ஒரு சர்வதேசக் குழு அமைந்து, 1934-இல் பாரிஸில் கூடியது. ஆனால் ரேடியோ வீட்டுக்கு வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினை நம் நாட்டுக்கு வந்துவிட்டது. அதை முதலில் உணர்ந்தவர்கள் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தவர்கள்.

பம்பாயில் கொலாபா வானிலைக்கூடம் 1826-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்படுத்தியது. 1841 முதல் அங்கே பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த மாபெரும் காந்தப் புயலின்போது, உலகம் முழுவதும் தந்திக் கம்பிகள் தறிகெட்டு நின்றன. அன்று காந்தப்புலம் சுமார் 1600 நேனோடெஸ்லா வீழ்ந்ததைக் குறித்து வைத்தது கொலாபாதான். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 40,000 நேனோடெஸ்லாதான். சாதாரண நாட்களில் ஏற்ற இறக்கம் சில பத்துகளில் இருக்கும். அந்தப் பத்தைப் பிடிக்கும் கருவி எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள்.

இந்த நேரத்தில் பம்பாய் டிராம் வண்டிகளைக் குதிரையிலிருந்து மின்சாரத்துக்கு மாற்ற முடிவாயிற்று. (சென்னை இதில் முந்திக்கொண்டது. இங்கே 1895-லேயே மின்சார டிராம் ஓடிற்று.) டிராமுக்கு மேலே உள்ள கம்பி வழியாக மின்சாரம் வரும். மோட்டாரைச் சுற்றிவிட்டு அது எப்படித் திரும்பிப் போகும்? தண்டவாளம் வழியாக. ஆனால் தண்டவாளம் மண்ணில் கிடக்கிறது. மின்சாரத்தில் ஒரு பங்கு தண்டவாளத்தை விட்டு இறங்கி, ஈர மண்ணிலும் தண்ணீர்க் குழாயிலும் புகுந்து, தன் போக்கில் சுற்றிக்கொண்டு மின்நிலையத்துக்குப் போய்ச் சேரும். மின்சாரம் ஓடும் இடமெல்லாம் காந்தமும் உண்டு. ஊரில் டிராம் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் காந்தமானியின் கோடு துள்ளும்.

அப்போது கொலாபாவின் இயக்குநராக இருந்தவர் நானாபாய் ஆர்தேஷிர் மூஸ். இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். டிராம் ஓடிய பிறகு புலம்பிக்கொண்டிருக்காமல், ஓடுவதற்கு முன்பே இடத்தை மாற்றிவிட்டார். பம்பாய்க்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அலிபாகில், காந்தத்தன்மை இல்லாத போர்பந்தர் கல்லால் 1904-இல் புதிய கட்டிடம் எழும்பியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 1904 முதல் 1906 வரை இரண்டு ஆண்டுகள் கொலாபா, அலிபாக் இரண்டிலும் ஒரே நேரத்தில் அளவெடுத்தார்கள். பழைய இடத்து எண்ணுக்கும் புதிய இடத்து எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த பிறகே கொலாபாவில் காந்த அளவை நிறுத்தினார்கள். மின்சார டிராம் ஓடியது 1907 மே மாதத்தில். லண்டனில் கியூ வானிலைக்கூடத்துக்கும் டிராமால் இதே கதிதான். அவர்கள் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூரில் புதிய கூடத்தைத் திறந்தது 1908-இல். அலிபாகில் இன்றும் அளவெடுக்கிறார்கள்.

இடத்தை மாற்றுவது ஒரு வழி. எல்லாராலும் அது முடியாது. தொலைபேசிக்காரர்களின் சங்கடம் அதுதான். இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னையில் 1882 ஜனவரியில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. உலகெங்கும் அந்தக் காலத்துத் தொலைபேசிக்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான். திரும்பும் வழி பூமி. பூமியிலோ தந்தியின் மின்சாரமும், பிற்பாடு டிராமின் மின்சாரமும் ஓடின. எல்லாரும் ஒரே சந்தில் நடந்தால் தோள் இடிக்காமல் என்ன செய்யும்? பேச்சுக்கு நடுவே டிக்-டிக் என்றும் ரீங்காரமாகவும் கேட்டது. கிரகாம் பெல் 1881-இல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். இரண்டு கம்பி போடு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கு என்பதுதான் சாரம். வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும். காதுக்கு வருவது இரண்டின் வித்தியாசம் மட்டும் என்பதால் தொல்லை கழிந்துவிடும். பார்த்தால் திரி முறுக்குவது போல அற்ப வேலை. இன்று கணினி நெட்வொர்க் கேபிளுக்குள் இருப்பதும் அதே முறுக்குத்தான்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். ஹெலிகாப்டர் இறக்கைக்குத் துல்லியமான வளைவு வேண்டும் என்று ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர் தொடங்கி வைத்த முயற்சி, 1952-இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் இயந்திரமாக முடிந்தது. வால்வும் ரிலேயுமாக அடைத்திருந்த அதன் கண்ட்ரோல் அலமாரி இயந்திரத்தைவிடப் பெரியது. பிறகு டிரான்சிஸ்டர், ஐ.சி., மைக்ரோபிராசஸர் என்று அலமாரி சுருங்கிக்கொண்டே வந்தது. கூடவே சிக்னலும் சிறுத்தது. வால்வு காலத்தில் பத்துக் கணக்கான வோல்ட்டில் பேசிக்கொண்டவை, 1960-களுக்குப் பிறகு 5 வோல்ட்டுக்கு இறங்கின. அதிலும் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் "இல்லை", 2 வோல்ட்டுக்கு மேலே போனால் "ஆம்". இடைவெளி ஒன்றேகால் வோல்ட்கூட இல்லை. இதே காலத்தில் மோட்டாரை இயக்கும் சுவிட்சுகள் எதிர்த்திசையில் போயின. 1957-இல் தைரிஸ்டர், 1980-களில் ஐ.ஜி.பி.டி. என்று வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. கேட்பவனின் காது கூர்மையாகிறது, பக்கத்தில் இருப்பவன் குரல் உயர்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்தால் சண்டை வராமல் இருக்குமா?

அந்தச் சண்டையைத்தான் அவனியாபுரத்தில் பார்த்தேன். நம் கல்லூரியில் எனக்குப் பல வருஷம் பிந்திப் படித்த தம்பி ஒருவன், மரத்தில் சிற்ப வேலை செய்யும் சி.என்.சி. ரூட்டர் ஒன்றை வங்கிக் கடன் வாங்கித் தானே வீட்டில் கட்டினான். சட்டம், ஸ்குரூ, ஸ்டெப்பர் மோட்டார், கண்ட்ரோல் பேனல் எல்லாம் சொந்தக் கைவேலை. இயக்குவதற்கு இலவச மென்பொருள். முதல் பெரிய ஆர்டர் ஒரு கோயிலுக்குத் தேக்குக் கதவு. கும்பாபிஷேகத் தேதி குறித்தாகிவிட்டது. மிஷினோ பாதிப் பூவைச் செதுக்கும்போது, ஓரத்து லிமிட் சுவிட்ச் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திடீரென்று நின்றது. கட்டர் சுற்றிக்கொண்டே ஒரே இடத்தில் நின்றதில் மரம் கருகிற்று. மூன்று பலகை போயிற்று. "அண்ணே, ஸ்பிண்டில் ஓடலைன்னா தங்கமா இருக்கு. ஓட ஆரம்பிச்சா பேய் பிடிச்ச மாதிரி நின்னுருது" என்றான்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொல்லியிருக்கிறார்கள்: எர்த் சரியில்லை. பழைய குழிக்கு எட்டடி தள்ளி இன்னொரு குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வந்தான். ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் செய்யாது. இந்த இடத்தில் நம் ஆட்களின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கு உண்டு. எர்த் குழி மனித உயிரைக் காக்க. இரைச்சல் மண்ணுக்குள் போய் மறைந்துவிடும் என்பது பாமர எண்ணம். மின்சாரம் எங்கே புறப்பட்டதோ அங்கேயே திரும்பியாக வேண்டும். டிராமின் மின்சாரம் பம்பாய் மண்ணில் இறங்கினாலும் மின்நிலையத்துக்குத்தான் போயிற்று. வழியில் இருந்தவனுக்குத்தான் தொல்லை. இங்கே மின்நிலையம், ஸ்பிண்டிலை ஓட்டும் அந்த டிரைவ்.

கணக்கு இதுதான். ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை டிரைவ் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி. ஆக்குகிறது. அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டும் 0.2 மைக்ரோசெகண்டில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலுக்குப் போகும் ஐந்து மீட்டர் கேபிளுக்கும் மிஷின் சட்டத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் 500 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வெட்டிலும் சட்டத்துக்குத் தாவுவது சுமார் 0.8 ஆம்பியர். எந்த மீட்டரிலும் தெரியாது, அவ்வளவு குறுகிய நேரம். 5 வோல்ட் சுவிட்ச் கம்பிக்கு அது இடி விழுந்த மாதிரி.

நான் கொண்டுபோன கருவி ஒரு பழைய பாக்கெட் டிரான்சிஸ்டர். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு, ஸ்பிண்டிலை ஓடவிட்டு, பேனலிலிருந்து கேபிள் போகும் வழியெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தேன். கேபிள் செயின் பக்கம் போனதும் ரேடியோ அலறிற்று. ஸ்பிண்டிலின் சாதாரணக் கேபிளும், லிமிட் சுவிட்சுகளின் மெல்லிய கம்பிகளும் அந்த ஒரே செயினுக்குள் மூன்று மீட்டருக்கு மேல் தோளோடு தோள் ஒட்டி ஓடின.

கொலாபாக்காரர்கள் போலவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நின்ற நேரங்களை நோட்டில் குறித்தோம். முதலில் சுவிட்ச் கம்பிகளை எடுத்து ஒரு முழம் தள்ளித் தனிவழியில் விட்டோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றது, நாளைக்கு இரண்டு தடவை ஆயிற்று. அலிபாக் வைத்தியம். அடுத்து அந்தக் கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கினோம், பெல் வைத்தியம். கூடவே 5 வோல்ட்டை 24 ஆக்கி, ஆப்டோகப்ளர் வழியாக உள்ளே எடுத்தோம். சுவிட்சுகளையும், சும்மா இருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்கும் வகையில் மாற்றினோம். கம்பி அறுந்தால்கூட மிஷின் நிற்கும். அது பாதுகாப்புக்கும் நல்லது.

கடைசியாகத் திரும்பும் வழி. ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டோம். ஷீல்டின் ஒரு முனையை டிரைவ் பக்கத்துத் தகட்டிலும், மறுமுனையை ஸ்பிண்டில் உடம்பிலும் முழுச் சுற்றாகக் கவ்வ வைத்தோம். தாவும் மின்சாரம் மிஷினைச் சுற்றாமல் ஷீல்டு வழியாகவே டிரைவுக்குத் திரும்பிவிடும். தகட்டில் எர்த் போல்ட் போட்ட இடமெல்லாம் அழகாகப் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் மின்கடத்தி அல்லவே. உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளவென்று ஆக்கினோம்.

இந்த வேலையில்தான் பயமுறுத்தும் விஷயம் ஒன்று அகப்பட்டது. ஸ்பிண்டில் பிளக்கில் எர்த்துக்கென்று 4-ஆவது முனை இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால், உள்ளே அது எதனோடும் இணைக்கப்படவில்லை! உள்ளே இன்சுலேஷன் போயிருந்தால் 325 வோல்ட் ஸ்பிண்டில் உடம்பில் நின்றிருக்கும், அதைக் கையால் பிடித்துக் கட்டர் மாற்றுகிறவன் இவன். உடனே தனி எர்த் கம்பி இணைத்தோம். வெட்டிய இரண்டாவது குழியையும் தனியாக விடாமல் முதல் குழியோடு தடித்த பட்டையால் சேர்த்துவிட்டோம். இரண்டு எர்த் தனித்தனியே இருந்தால், இடி மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். இரைச்சல் குறைகிறதென்று எர்த் பின்னையே பிடுங்கிவிடும் சில மகானுபாவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, சத்தம் போடுகிறேன்.

கதவு தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஓடும்போது மட்டும் எப்போதாவது ஒரு தடவை நிற்கிறது. அது மெயின் லைன் வழியாக வருவது, அதற்கு லைன் ஃபில்டர் வாங்கப் போகிறான். இப்போது படிக்கும் மாணவர்கள் யாராவது போய்ப் பார்க்க விரும்பினால் தாராளமாகக் காட்டுவான். ஒன்று மட்டும்: சுவிட்சை அணைத்த கையோடு டிரைவின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் இன்னும் சில நிமிஷம் மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிஷம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.