காட்டிக்கொடுக்க ஆள் இருந்த ஊர்

யூதர்களைக் காப்பாற்றிய போலந்துக்காரர்களின் நினைவாக 2016-இல் மார்கோவா கிராமத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்கு உல்மா குடும்பத்தின் பெயர். யூசெஃப் உல்மா விவசாயி, கேமரா பைத்தியம். மனைவி விக்டோரியாவையும் ஆறு பிள்ளைகளையும் அவர் எடுத்த படங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தச் சின்ன வீட்டில் எட்டு யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். 1944 மார்ச் 24 விடியும் முன்னே ஜெர்மானியப் போலீஸ் வந்தது. முதலில் அந்த எட்டுப் பேர். அப்புறம் யூசெஃப், நிறைமாதக் கர்ப்பிணி விக்டோரியா. கடைசியில் பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

காட்டிக்கொடுத்ததாகக் கருதப்படுபவர் பக்கத்து ஊர்ப் போலந்துப் போலீஸ்காரர். எனக்கு உறுத்துவது அதுதான். ஒரு நாடு தன் நல்லவர்களுக்குக் கட்டடம் எழுப்பினால், மற்றவர்கள் அதன் நிழலில் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். ஊரே நல்ல ஊர்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

ஆனால் உல்மா குடும்பம் கதவைத் திறந்தது காட்டிக்கொடுக்க ஆள் இருந்த ஊரில். அதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுடைய துணிச்சலின் எடை நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லணும். அந்தக் கொலைகளுக்குப் பிறகும் மார்கோவாவின் வேறு சில வீடுகளில் ஒளிந்திருந்த யூதர்கள், போர் முடியும்வரை உயிரோடு இருந்தார்கள்.