சிறைக்காய்ச்சலும் 1774ஆம் ஆண்டுச் சட்டங்களும்

இங்கிலாந்தில் சிறையாளர் உடல்நலம் பற்றிய அரசியற் கொள்கையின் வரலாற்றில் 1774ஆம் ஆண்டு சிறப்பிடம் பெறுவது. அவ்வாண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சிறைகளைக் குறித்து இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, சிறையாளரின் நலம் பேணுதற்கென வெளிப்படையாகவே பெயர் பெற்றது. மற்றொன்று, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர் சிறைக்காவலர்க்குச் செலுத்திவந்த கட்டணத்தை நீக்கியது. முன்னதே நலச்சட்டமெனப் போற்றப்படுகின்றது. பின்னதையும் அதனோடு சேர்த்து நோக்கினாலன்றி, முன்னது பல சிறைகளில் ஏட்டளவில் நின்றமைக்குக் காரணம் விளங்காது என்பதே ஈண்டு யாம் நிறுவ விழைவது.

சட்டத்திற்கு வழிகோலியது அருள் மட்டுமன்று, அச்சமும் ஆகும். சிறைக்காய்ச்சல் எனப்பட்ட டைபசு நோய் மதில்களுக்குள் அடங்கி நிற்கவில்லை. 1577இல் ஆக்சுபோர்டு நகர வழக்குமன்றத்தில் தோன்றி ஏறத்தாழ 300 பேரைக் கொன்றதென்பர். 1750இல் இலண்டன் ஓல்டு பெய்லி மன்றத்தில் நீதிபதிகள் இருவரும் நகரத் தலைவர் சாமுவேல் பென்னண்டும் அதற்கு இரையாயினர். அதன்பின் 1752இல் நியூகேட்டுச் சிறையின் மேல் ஸ்டீபன் ஹேல்சு வகுத்த காற்றாடிப் பொறி அமைக்கப்பட்டது. நீதிபதிகள் மாண்ட பின்னரே சிறையாளர்க்குக் காற்றுக் கிடைத்தது!

1773இல் பெட்போர்டுக் கோட்டத்தின் ஷெரீப்புப் பதவியேற்ற ஜான் ஹவார்டு கண்டது வேறொன்று. குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றவரும் காவலர்க்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமல் மீண்டும் சிறைக்குள் இழுக்கப்பட்டனர். காவலர்க்குச் சம்பளம் அளிக்குமாறு ஹவார்டு வேண்ட, நீதிபதிகள் அதற்கு முன்மாதிரி உண்டோ என வினவினர். அம்முன்மாதிரியைத் தேடி அவர் அண்டைக் கோட்டங்களுக்குச் சென்றார். அத்தேடலே அவர் வாழ்நாட் பணியாயிற்று. சன்னல்வரியைத் தாமே செலுத்த வேண்டியிருந்தமையால் காவலர் சிலர் சாளரங்களை அடைத்துவிட்டனர் என்று அவர் 1777இல் வெளியிட்ட நூலில் கருதுகின்றார். காவலனின் வருவாய்க்கும் சிறையாளனின் மூச்சுக்கும் இடையேயிருந்த பகையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

நலச்சட்டம் கூறியவை நுட்பமானவை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுவர்களைச் சுரண்டி வெள்ளையடித்தல், அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் அளித்தல், நோயுற்ற ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி அறை, குளிக்கும் தொட்டி, சம்பளம் பெறும் மருத்துவர் ஆகியவற்றை அது விதித்தது. அம்மருத்துவர் சிறையாளரின் நலநிலையைக் காவலனிடமன்றி நீதிபதிகளின் காலாண்டு அவையிடம் அறிவித்தல் வேண்டும். சட்டத்தை ஹவார்டு தம் செலவில் அச்சிட்டுச் சிறைதோறும் அனுப்பினார். எனினும் பின்னர் நேரிற் சென்றபோது, பல சிறைகளில் அது பின்பற்றப்படாமை கண்டு வருந்தினார். கட்டணச் சட்டம் விடுதலை பெறுவோரை மட்டுமே காத்தது. உள்ளிருந்தோரிடம் பெறும் வருவாய் நீங்கவில்லை. கட்டண முறையை முற்றும் ஒழிக்கும் சட்டம் 1815இல்தான் வந்தது. அதுவரை, வெள்ளையடிக்கப்பட்ட சிறையிலும் காவலன் வணிகனாகவே இருந்தான்.

சட்டம் இயற்றியோர் நோய்க்குக் காரணம் கெட்ட காற்றே என நம்பினர். டைபசைப் பரப்புவது உடற்பேன் என்று சார்லசு நிக்கோல் 1909இல் கண்டறிந்தார். கருத்துப் பிழையாயினும் குளியல் பயன்தரத்தக்கதாகவே இருந்தது. வெள்ளையடிப்போ பேனை ஒன்றும் செய்திராது. செய்தற்கு எளிதானது வெள்ளையடிப்பே என்பதையும் மறத்தலாகாது. ஹவார்டு 1790இல் கெர்சான் நகரில் காய்ச்சலால் இறந்தார். அதுவும் டைபசே எனக் கருதுவோர் உளர்.

மருத்துவர் யாருக்குக் கணக்குக் காட்டுவது என்னும் வினா மட்டும் எஞ்சியது. 1948இல் தேசிய நலப்பணி தோன்றியபோது சிறைகள் அதன் புறத்தே விடப்பட்டன. சிறை மருத்துவர் சிறைத்துறையின் கீழேயே பணிபுரிந்தனர். இங்கிலாந்தில் அப்பொறுப்புத் தேசிய நலப்பணிக்கு முழுமையாக மாறியது 2006இல்.