நீலக் குழந்தைகளும் முக்காலியில் நின்ற மனிதரும்

ஒரு சாதனைக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டு மனநிறைவு கொள்வது நம் வழக்கம். அப்பெயருக்குப் பின்னே நின்ற கைகள் எவருடையவை என்று நாம் கேட்பதில்லை. குழந்தை இதய மருத்துவத்தின் வரலாறு அக்கேள்வியை நம் முன் வைக்கின்றது.

நுரையீரலுக்குச் செல்லும் குருதிப் பாதை குறுகியும், இதயத்தின் கீழறைச் சுவரில் துளை விழுந்தும் பிறக்கும் குழந்தைகளுக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். நாலடி நடந்தால் மூச்சு முட்டிக் குந்திவிடுவர். 'நீலக் குழந்தைகள்' எனப்பட்ட இவர்களுக்கு அந்நாளில் மருத்துவம் இல்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இவர்களைக் கவனித்தவர் ஹெலன் டாசிக் அம்மையார். செவித்திறன் குன்றியமையால், குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே இதயத்தின் மொழியை அறிந்தவர். கருவில் திறந்திருந்து, பிறந்தபின் மூடிக்கொள்ளும் ஒரு குழாய் மூடியதும் இக்குழந்தைகளின் நிலை மோசமாவதை அவர் கண்டார். அவ்வாறாயின் புதிதாய் ஒரு வழி அமைத்தால் என்ன? இவ்வினாவுடன் அவர் அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலக்கை நாடினார்.

விடை தேடும் பொறுப்பு விவியன் தாமஸிடம் வந்தது. 1910இல் பிறந்த கருப்பினத்தவர். மருத்துவராகும் எண்ணத்துடன் சேர்த்த பணத்தைப் பொருளாதார வீழ்ச்சியில் இழந்தவர். 1930இல் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அவரை ஏவலாள் வகுப்பிலேயே வைத்திருந்தனர். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைக்கும் முறையை நாய்களிடம் மீண்டும் மீண்டும் செய்து தேர்ந்தவர் அவரே.

1944 நவம்பர் 29இல் பதினைந்து மாதப் பெண் குழந்தைக்கு முதல் சிகிச்சை நடந்தது. பிளாலக் கத்தியைப் பிடிக்க, பின்னே முக்காலியில் நின்று தாமஸ் வழி சொன்னார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அடுத்து வந்த சிறுவனொருவனின் நீலம் மேசையிலேயே மறைந்து, உதடு சிவந்தது.

1945இல் வெளியான ஆய்வுரையில் இரு பெயர்களே இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்தது 1976இல்தான். இன்று அச்சிகிச்சையின் பெயரில் மூன்றாவதாக அவர் பெயரையும் சேர்த்துக் கூறுவோர் பலர்.

அறிவு எவரிடம் இருக்கிறதென்பதை நிறமும் பட்டமும் தீர்மானிப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ள ஓர் உலகத்துக்கு முப்பதாண்டுகள் ஆயின. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் முக்காலியில் நிற்பவர்கள் எவர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போமாக.